போட்ஸ்டாமில் அரை நாள்: கைடோடு போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெர்லினுக்கு வந்து இறங்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் ஒரு அரை நாளைப் பக்கத்து ஊரான போட்ஸ்டாமுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். இதுவரை ஏழெட்டுத் தடவை போயாயிற்று. மூன்று தடவை பணம் கட்டிக் கைடோடு; மற்ற நேரமெல்லாம் நானே கைடு. முதல் தடவை போனதுதான் மோசம். அம்மாவை அழைத்துக்கொண்டு போய், சான்சூசி அரண்மனை வாசலில் நின்று கதவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நான் கட்டிய பணத்தில் உள்ளே போகும் டிக்கெட் சேரவில்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அன்றைக்கு உரிய டிக்கெட்டும் தீர்ந்திருந்தது. "இவ்வளவு தூரம் வந்தது கதவப் பாக்கவாடி?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்ஸ்டாமில் மூன்று நாள் சுற்றும் அளவுக்கு அரண்மனைகளும் பூங்காக்களும் இருக்கின்றன. 1990-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ஒரு கட்டடத்தை அல்ல, போட்ஸ்டாம், பெர்லின் இரண்டு ஊர்களிலும் பரந்து கிடக்கிற ஒரு பெரிய நிலப்பரப்பையே. அரை நாளில் அதில் ஒரு குன்று, ஓர் அரண்மனை, ஒரு தெரு. அவ்வளவுதான் உருப்படியாக முடியும். "அரை நாளில் பத்து இடம்" என்று விளம்பரம் செய்கிற பயணத்தில் ஒன்பது இடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

முதல் வேலை: எந்த மாதிரிப் பயணம் என்று முடிவு செய்வது

மூன்று வகை உண்டு. பெர்லினிலேயே ஒரு இடத்தில் கூடி, கைடோடு ரயிலேறி, நடந்தே சுற்றுவது ஒன்று. ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், நடை அதிகம். பெர்லினிலிருந்து சுற்றுலாப் பஸ்ஸில் போவது இரண்டாவது. கால்வலிக்காரர்களுக்கு ஏற்றது, ஆனால் பஸ் நிற்கிற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள். மூன்றாவது, நீங்களே போட்ஸ்டாம் போய்ச் சேர்ந்து, அங்கே உள்ளூர்க் கைடோடு மூன்று மூன்றரை மணி நேரம் சுற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான். போகவர நேரம் கைடுக்குக் கொடுக்கும் காசில் கரையாது. சுற்று முடிந்த பிறகும் ஊரிலேயே இருக்கலாம்.

எந்த வகையானாலும் பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். அரண்மனைக்கு உள்ளே போகிறோமா, அந்த டிக்கெட் கட்டணத்தில் சேர்த்தியா? ரயில் டிக்கெட் யார் பொறுப்பு? எத்தனை கிலோமீட்டர் நடை? பயணம் எங்கே முடிகிறது, பெர்லினிலா போட்ஸ்டாமிலா? "அரண்மனையைப் பார்க்கிறோம்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வெளியிலிருந்து பார்ப்பதும் பார்ப்பதுதானே! "உள்ளே நுழைகிறோம்" என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது: கிழமை

திங்கட்கிழமை சான்சூசி அரண்மனைக்கு விடுமுறை. பூங்காவின் மறுகோடியில் இருக்கும் புதிய அரண்மனைக்குச் செவ்வாய். திங்கட்கிழமையும் பயணங்கள் ஓடும், பூங்காவைச் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஏமாறாதீர்கள்.

சான்சூசிக்கு நேரம் குறித்த டிக்கெட். உங்கள் சீட்டில் 11.20 என்று இருந்தால் 11.20-க்குத்தான். தாமதமாகப் போனால் கெஞ்சிப் பயனில்லை, இது ஜெர்மனி. கைடு வாங்கித் தரவில்லையென்றால் சில நாள் முன்னாலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கோடை வார இறுதியில் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் எங்கள் கதைதான்.

மாதத்தையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை அருமை. குளிர்காலத்தில் பூங்காவின் சலவைக்கல் சிலைகளையெல்லாம் பனியிலிருந்து காக்க மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். வரிசையாகச் சவப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது மாதிரி இருக்கும். நீரூற்றும் நின்றிருக்கும். சீன மாளிகை, ஓவியக்கூடம் போன்றவை வெயில் காலத்தில் மட்டுமே திறக்கும். ஆனால் கூட்டம் இருக்காது. அரண்மனை அறைகளில் நிதானமாக நிற்கலாம்.

மூன்றாவது: ரயில் டிக்கெட், அதாவது 60 யூரோ அபராதம்

போட்ஸ்டாம் பெர்லினுக்குப் பக்கத்து வீடு மாதிரிதான், ஆனால் தனி ஊர். பிராண்டன்பர்க் மாநிலத்தின் தலைநகரம். பெர்லின் நகருக்குள் ஏ, பி மண்டலச் சீட்டுப் போதும். போட்ஸ்டாம் சி மண்டலம். பெர்லினில் இரண்டு மூன்று நாள் ஏபி சீட்டில் சுற்றிப் பழகியவர்கள் அதே சீட்டோடு ஏறிவிடுவார்கள். வான்சே நிலையம் தாண்டியதும் சாதாரண உடையில் ஒருவர் எழுந்து டிக்கெட் கேட்பார். அபராதம் 60 யூரோ. "தெரியாது" என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை.

ஏபிசி 24 மணி நேரச் சீட்டு எடுங்கள். ஒற்றைப் பயணச் சீட்டு இரண்டு மணி நேரம்தான் செல்லும், அதுவும் ஒரு திசைக்கு. மூன்று பேருக்கு மேல் என்றால் ஐந்து பேர் வரை செல்லும் குழுச் சீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஏபி சீட்டு இருந்தால் சி மண்டலத்துக்கு மட்டும் இணைப்புச் சீட்டு கிடைக்கும். மாதச் சந்தாவான ஜெர்மனி டிக்கெட் உள்ளவர்களுக்குக் கவலையே இல்லை. காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடையிலிருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு இல்லாத சீட்டுக்குச் சமம்.

பெர்லின் மத்திய நிலையத்திலிருந்து ஆர்.இ.1 ரயில் சுமார் 25 நிமிடத்தில் போட்ஸ்டாம் மத்திய நிலையத்தில் விடும். எஸ் 7 என்கிற எஸ்-பான் நகர ரயிலும் போகும், சுமார் நாற்பது நிமிடமாகும். அவசரமில்லையென்றால் எஸ் 7-இல் போங்கள். குருனேவால்ட் காட்டின் ஓரமாக ஓடி, ஏரிப்பக்கம் வந்து, கிரீப்னிட்ஸ்சே நிலையத்தைத் தாண்டும். ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் ரயில்களை நிறுத்திச் சோதனை போட்ட எல்லை நிலையம் அது. வார இறுதிகளில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பஸ் விடும் வழக்கம் உண்டு. முந்தின நாள் இரவே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன: தண்ணீர், நல்ல ஷூ, கழிப்பறைக்குச் சில்லறை, கோடையிலும் ஒரு மெல்லிய மேலுடை. பெரிய முதுகுப்பையை அரண்மனைக்குள் விடமாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொள்வது நல்லது. நாங்கள் புளிசாதம் கொண்டுபோனோம். பூங்காவில் கண்ட இடத்தில் புல்தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காரக் கூடாது, பெஞ்ச் இருக்கிறது.

நான்காவது: குன்றை எந்தப் பக்கமிருந்து ஏறுவது

இதைப் பெரும்பாலும் கைடுதான் தீர்மானிப்பார். ஆனால் வயதானவர்கள் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள். போட்ஸ்டாம் நிலையத்திலிருந்து 695 பஸ் பிடித்தால் அரண்மனையின் பின்பக்கம், குன்றின் மேலேயே இறங்கலாம். படியே ஏற வேண்டாம். மற்றவர்கள் கீழே நீரூற்றுத் தொட்டியிலிருந்து நூற்றுச் சொச்சம் படி ஏறி வருவதுதான் அழகு.

கீழே நின்று ஒரு நிமிடம் மேலே பாருங்கள். அரண்மனையின் அடிப்பாகம் தெரியாது. கூரையும் ஜன்னலின் மேல்பாதியும் மண்ணுக்குள் அமுங்கினது மாதிரி தெரியும். இதில் ஒரு சண்டை இருக்கிறது. கட்டடக் கலைஞர் க்னோபெல்ஸ்டார்ஃப், அடியில் ஒரு தளம் வைத்து உயர்த்திக் கட்டலாம், குன்றின் விளிம்புக்கு முன்னால் கொண்டுவரலாம் என்றார். பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் ஒத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தால் கால் நேரே தோட்டத்தில் படவேண்டும், படி இறங்கக் கூடாது என்றார். அரசர் சொன்னதுதான் நடந்தது. 1745-ல் தொடங்கி 1747-ல் முடிந்த கட்டடம். ஒரே தளம், பன்னிரண்டு அறை. செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு "இதுதானா அரண்மனை?" என்றுதான் தோன்றும்.

கட்டடத்துக்கு முன்பே வந்தது திராட்சைத் தோட்டம். ஆறு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குச் சுவரும் உள்வாங்கி வளைந்திருக்கும், தெற்குப் பார்த்து. வெயிலை ஏந்திப் பிடிக்கிற உள்ளங்கை மாதிரி. சுவரில் மொத்தம் 168 மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு. மாடத்துக்குள் அத்தி போன்ற வெப்ப நாட்டுச் செடிகள். இடையிலே சுவரில் திராட்சைக் கொடி. நம் ஊரில் வெயிலை மறைக்கப் பந்தல் போடுவோம். இங்கே வெயிலைப் பிடித்து வைக்கக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கோடையில் அந்தக் கதவுகள் திறந்திருந்தால் சுவர் அருகே கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும்.

பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற என் சித்தப்பா இதையெல்லாம் விட்டுவிட்டு நீரூற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, தண்ணி இவ்வளவு உசரம் போகுதே, மோட்டார் எங்க இருக்கு?" நல்ல கைடாக இருந்தால் இந்தக் கேள்விக்கு முகம் மலரும். எங்கள் கைடுக்கு மலர்ந்தது. பின்னாலிருக்கும் குன்றின் உச்சியில் ஒரு நீர்த்தொட்டி கட்டி, ஆற்றுத் தண்ணீரை அங்கே ஏற்றி, அங்கிருந்து குழாயில் இறக்கினால் தானாகப் பீறிடும் என்பது பிரெடரிக்கின் திட்டம். தொட்டியைச் சுற்றி ரோமானிய இடிபாடு மாதிரி பொய்த் தூண்களும் வைத்தார். மரத்தைக் குடைந்து செய்த குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடித்தன. பணம் தண்ணீராய்ப் போனதே தவிரத் தண்ணீர் வரவில்லை. அவர் வாழ்நாளில் அந்த நீரூற்று ஒழுங்காக ஓடவேயில்லை. சுமார் நூறு வருடம் கழித்து, 1842-ல், போர்சிக் தொழிற்சாலையின் நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் நீர் ஏறியது. அந்த இயந்திர வீட்டை ஹாவெல் ஆற்றங்கரையில் ஒரு பள்ளிவாசல் தோற்றத்தில் கட்டினார்கள், மினார்தான் புகைபோக்கி! டிராமில் போகும்போது தெரியும், இன்றும் நிற்கிறது. சித்தப்பாவுக்கு அன்றைய பயணம் அங்கேயே நிறைந்துவிட்டது.

ஐந்தாவது: உள்ளே

பெரும்பாலும் உங்கள் கைடு வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே காதில் வைத்துக் கேட்கும் கருவி தருவார்கள், ஆங்கிலம் உண்டு. முக்கால் மணி நேரம் வையுங்கள். எல்லா அறையையும் சமமாகப் பார்க்க வேண்டாம்.

இசை அறையில் நில்லுங்கள். பிரெடரிக் நன்றாகவே புல்லாங்குழல் வாசிப்பார், சொந்தமாக இசை எழுதுவார். அவருக்குப் புல்லாங்குழல் கற்றுக்கொடுத்தவர் குவாண்ட்ஸ். பக்கத்தில் ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) உட்கார்ந்து துணை வாசித்தவர் இசைமேதை பெரிய பாஹின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாஹ். போர்க்களத்தில் மனிதர்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிவைத்த கை மாலையில் இங்கே வாசித்துக்கொண்டிருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்து, அவர் படித்து, உறங்கி, கடைசியில் 1786 ஆகஸ்ட் 17-ஆம் தேதி நாற்காலியில் சாய்ந்தபடி இறந்த அறை. நடுவே முட்டை வடிவச் சலவைக்கல் கூடம். விருந்தினர் பக்கத்தில், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் பேரைத் தாங்கிய அறையைத் தவறவிடாதீர்கள். மஞ்சள் சுவரில் குரங்கு, கிளி, கொக்கு, பழங்கள் எல்லாம் மரத்தில் செதுக்கி வண்ணமடித்து ஒட்டியிருக்கும். 1750 முதல் 1753 வரை வோல்ட்டேர் அரசரோடு இருந்தார். பிறகு இருவரும் மனக்கசந்து பிரிந்தார்கள். ராணிக்கு இந்த வீட்டில் அறையே கிடையாது. "கவலையில்லை" என்பதுதான் சான்சூசி என்ற பிரெஞ்சுப் பெயரின் அர்த்தம். யாருக்குக் கவலையில்லை என்று சித்தி கேட்டது நியாயம்தான்.

வெளியே வந்ததும் முகப்பில் பொறித்த பெயரைப் பாருங்கள். "சான்" என்பதற்கும் "சூசி" என்பதற்கும் நடுவில் ஒரு காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் கைடிடம் கேளுங்கள், ஆளுக்கொரு கதை கிடைக்கும்.

ஆறாவது: உருளைக்கிழங்குச் சமாதி

மேல் அடுக்கில், அரண்மனையைப் பார்த்து நின்றால் வலப்பக்க ஓரத்தில், தரையோடு தரையாகச் சில கற்பலகைகள். ஒன்றின் மேல் உருளைக்கிழங்குகள் கிடக்கும். நாங்கள் போன அன்று ஏழெட்டு இருந்தன. ஒன்று முளைவிட்டிருந்தது, ஒன்றில் யாரோ பேனாவால் சிரித்த முகம் வரைந்திருந்தார்கள். அதுதான் பிரெடரிக். பக்கத்துப் பலகைகள் அவருடைய வேட்டை நாய்கள்.

"சமாதியில கெழங்க ஏன் கொண்டாந்து போடுறாங்க? படையலா?" என்றார் அம்மா. கிட்டத்தட்ட அப்படித்தான். புதுச்செடி என்று மக்கள் தொடத் தயங்கிய உருளைக்கிழங்கைப் பயிரிடச் சொல்லி 1756-ல் அரசாணை போட்டவர் அவர். வயலுக்குக் காவல் போட்டுத் திருட வைத்தார் என்றொரு கதையையும் கைடுகள் சொல்வார்கள், அது கதைதான்.

நாய்களோடு இங்கேயே, ஆடம்பரமில்லாமல் இரவில் புதைக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த தம்பி மகன் கேட்கவில்லை. நகரின் காவற்படைத் தேவாலயத்தில், வாழ்நாளெல்லாம் ஒத்துப்போகாத அப்பாவின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார். இரண்டாம் உலகப்போரில் பெட்டியைச் சுரங்கத்தில் ஒளித்தார்கள். பிறகு மார்புர்க், பிறகு தெற்கே ஹோஹென்சோலர்ன் கோட்டை. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, 1991 ஆகஸ்ட் 17 நள்ளிரவில்தான் இங்கே இறக்கினார்கள். இறந்து 205 வருடம் கழித்து! நீங்களும் வைக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே ஒன்று எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடை கிடையாது.

அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலை. சத்தம் தாங்காமல் அரசர் ஆலையை அகற்றச் சொன்னாராம், ஆலைக்காரர், பெர்லினில் நீதிமன்றம் இருக்கிறது என்றாராம், அரசர் அடங்கிவிட்டாராம். மனுநீதிச் சோழனோடு வளர்ந்த நமக்கு இந்த மாதிரிக் கதையின் வாசனை தெரியும். ஆலை 1945-ல் எரிந்துபோனது. இப்போதிருப்பது 1993-ல் மறுபடி எழுப்பியது.

ஏழாவது: மிச்ச நேரத்தை எங்கே போடுவது

இங்கேதான் ஆசை காட்டும். புதிய அரண்மனை இதே பூங்காவில்தான் இருக்கிறது, ஆனால் பூங்காவே சுமார் 290 ஹெக்டேர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஏழாண்டுப் போர் முடிந்ததும், "நான் ஓய்ந்துவிடவில்லை" என்று ஊருக்குக் காட்டப் பிரெடரிக் 1763 முதல் 1769 வரை கட்டிய பிரம்மாண்டம் அது. அதை அவரே வெற்றுப் பகட்டு என்றார். அரை நாளில் அதை விட்டுவிடலாம் என்பது என் தீர்ப்பு.

வரலாறு பிடித்தவர்கள் வடக்கே செசிலியன்ஹோஃப் அரண்மனைக்குப் போகலாம். ஆங்கிலேயக் கிராமத்து மாளிகை மாதிரி 1917-ல் முடிந்த கட்டடம். 1945 ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை ட்ரூமன், ஸ்டாலின், சர்ச்சில் மூவரும் தோற்ற ஜெர்மனியை என்ன செய்வதென்று பேச வட்டமேசை போட்டு உட்கார்ந்தது இங்கேதான். நடுவில் தேர்தலில் தோற்ற சர்ச்சில் போய்ப் புதுப் பிரதமர் அட்லி வந்து உட்கார்ந்தார். முற்றத்தில் சோவியத் படையினர் பூச்செடியால் போட்ட சிவப்பு நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. புதுப்பிப்பு வேலைக்காக உள்ளே விடாத காலம் உண்டு. பதிவு செய்யும்போதே கேளுங்கள். அங்கிருந்து கிளீனிக்கே பாலம் அதிக தூரமில்லை. 1962 பிப்ரவரியில் சோவியத் உளவாளி ஆபெலையும் அமெரிக்க விமானி பவர்ஸையும் மாற்றிக்கொண்ட பாலம். கிழக்கும் மேற்கும் தனித்தனியே வண்ணமடித்ததால் பாலத்தின் இரு பாதிக்கும் பச்சை நிறம் வேறு வேறு. நடுவில் போய் நின்று பாருங்கள், கோடு தெரியும்.

குழந்தைகளோ பசியோ இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு நகருக்குள் வாருங்கள். பூங்கா வாசலிலிருந்து சற்று நடந்தால் போட்ஸ்டாமின் பிராண்டன்பர்க் வாயில். பெர்லினில் இருப்பதைவிட இதற்கு வயது அதிகம், 1770-71. ஊர்ப்பக்கம் ஒருவர் வடிவமைத்தார், வெளிப்பக்கம் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு முகம். அங்கிருந்து கடைத்தெரு வழியே நேரே நடந்து இடப்பக்கம் திரும்பினால் டச்சுக் குடியிருப்பு. பிரெடரிக்கின் அப்பா, ஹாலந்துக் கைவினைஞர்களை வரவழைக்க 1730-களில் தொடங்கிக் கட்டிய 134 செங்கல் வீடுகள். எதிர்பார்த்த அளவுக்கு டச்சுக்காரர்கள் வரவில்லை, மற்றவர்கள் குடியேறினார்கள். இப்போது கீழே காபிக் கடைகள். கேக் நன்றாக இருக்கும். சில கடைகளில் அட்டை வாங்க மாட்டார்கள், கொஞ்சம் ரொக்கம் வையுங்கள்.

கைடு விடைபெறும்போது, மனதுக்குப் பிடித்திருந்தால் ஐந்தோ பத்தோ யூரோ கையில் கொடுப்பது வழக்கம். கட்டணமில்லாத நடைப்பயணம் என்று வந்தவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும், அதுதான் அவர்கள் சம்பளம்.

திரும்பும்போது டச்சுக் குடியிருப்பின் ஓரத்திலேயே டிராம் ஏறினால் மத்திய நிலையம். இறங்குவதற்குச் சற்று முன் பழைய சந்தைச் சதுக்கம் வரும். 1945 ஏப்ரல் 14 குண்டுவீச்சில் எரிந்து, பிறகு இடித்துத் தள்ளிய நகர அரண்மனையின் முகப்பை அப்படியே மறுபடி கட்டி, உள்ளே மாநிலச் சட்டமன்றத்தை வைத்திருக்கிறார்கள். பக்கச் சுவரில் தங்க எழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி: "இது அரண்மனை அல்ல." டிராமின் சன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அது கண்ணில் படும்.